விருந்தாளி ஜெயித்தாலும் கரகோஷம் செய்வோம்!

(கூமாப்பட்டியில் பொங்கலையொட்டி இளைஞர்கள் நடத்தும் கிரிக்கெட் பந்தயத்தின் துவக்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)

தோழர்களே! தாய்மார்களே! மட்டையும் பந்துமாகக் காத்து நிற்கும் தம்பிமார்களே!

இரவு ஷிப்டு முடிந்து கண்ணெரிச்சலோடு வந்திருக்கும் மில் தொழிலாளத் தோழர்கள் இருக்கிறீர்கள். வயலிலிருந்து கையைக் கழுவிக்கொண்டு நேரே வந்திருக்கும் விவசாயத் தொழிலாளத் தோழர்கள் இருக்கிறீர்கள். கூலி உயர்வு பற்றியோ போனஸ் பற்றியோ பேசுவோம் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். இன்று அது இல்லை. இன்று கிரிக்கெட் பற்றிப் பேசப் போகிறோம்.

"கிரிக்கெட் வெள்ளைக்காரன் ஆட்டம், காசுள்ளவன் ஆட்டம். இதில் கட்சிக்காரர்களுக்கு என்ன வேலை?" என்று பெரியவர்கள் சிலர் கேட்கிறார்கள். ஆட்டத்தைக் கண்டுபிடித்தவன் வெள்ளைக்காரனாக இருக்கலாம். இன்றைக்குத் தண்ணீர் வற்றிய கண்மாயில் கல்லைப் பொறுக்கிப் போட்டுவிட்டு, ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டுப் பந்து வாங்கி ஆடுகிறவன் யார்? நம் பிள்ளை. நம் பிள்ளை ஆடும் இடத்தில் நாம் எப்படி நிற்கிறோம் என்பது நம் பிரச்னைதான்.

ஒரு ஊரில் நடந்தது

இந்த வட்டாரத்தில் ஒரு ஊர். பெயர் சொல்லப் போவதில்லை. பெயரைச் சொன்னால் மற்ற ஊர்க்காரர்கள் "நல்லவேளை, நாம் இல்லை" என்று நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவார்கள். அந்த நிம்மதியை உங்களுக்குக் கொடுக்க நமக்கு இஷ்டமில்லை.

சில வருஷங்களுக்கு முன் அங்கே இதே மாதிரி ஒரு பந்தயம். கடைசி ஆட்டத்துக்கு ஒரு வெளியூர்க் கோஷ்டி வந்தது. பதினோரு பேரும் காலனிப் பையன்கள். கூலி வேலைக்குப் போகிறவர்கள். காசு சேர்த்து நுழைவுக் கட்டணம் கட்டி, லோடு வேனில் நின்றுகொண்டே வந்தார்கள். ஆட்டம் அவர்கள் பக்கம் சாயத் துவங்கியது. அதுவரை ஸ்கோர் சொல்லிக்கொண்டிருந்த மைக், கேலி பேச ஆரம்பித்தது. "இவன் எந்தத் தெரு?" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல். தண்ணீர் கேட்ட பையனிடம், "உங்க தண்ணிய நீங்க கொண்டாரலையா?" என்று ஒரு கேள்வி. கடைசி ஓவரில் அந்தப் பையன்கள் ஜெயித்தார்கள். நூற்றுக்கணக்கான ஜனங்கள் நின்ற அந்த மைதானத்தில் ஒரு கை தட்டவில்லை. வேன் கிளம்பியபோது மண்ணாங்கட்டிகள் பறந்தன. பரிசுக் கோப்பையை வாங்காமலேயே அவர்கள் ஊர் போய்ச் சேர்ந்தார்கள்.

மறுநாள் நாங்கள் அந்தத் தெருவுக்குப் போனோம். கடைசிப் பந்தை அடித்தவனின் தாயார் அப்போதுதான் களை எடுத்துவிட்டு வந்திருந்தார். நாங்கள் ஏதோ சமாதானம் சொன்னோம். அந்த அம்மாள் கேட்டார்: "கூலியில தோக்குறோம், கடன்ல தோக்குறோம். வெளையாடப் போன எடத்துலயும் எம் புள்ள தோத்துட்டுத்தான் வரணுமா, அண்ணே?"

எங்களுக்குப் பேச வாய் வரவில்லை. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் நம் சங்கத் தோழர்கள் சிலரும் நின்றிருந்தார்கள். அவர்கள் மண் எறியவில்லை. ஆனால் வாயும் திறக்கவில்லை. இது நம்முடைய குற்றம். ஆகவேதான் இன்று இந்தப் பேச்சு.

சேப்பாக்கம் என்ன செய்தது?

"கூட்டம் என்றால் அப்படித்தான் இருக்கும், அதைத் திருத்த முடியாது" என்பார்கள். முடியும் தோழர்களே! இதே தமிழ்நாட்டில் நடந்த சங்கதியைக் கேளுங்கள்.

1999 ஜனவரியில் பாகிஸ்தான் கோஷ்டி 12 ஆண்டுகளுக்குப் பிறகு டெஸ்ட் ஆட இந்தியா வந்தது. முதல் ஆட்டம் டில்லியில் நடப்பதாக இருந்தது. சிவசேனைக்காரர்கள் இரவோடு இரவாகப் பெரோஸ் ஷா கோட்லா மைதானத்தில் புகுந்து ஆடுகளத்தையே தோண்டிப் போட்டார்கள். பம்பாயில் கிரிக்கெட் வாரிய ஆபீசைச் சூறையாடினார்கள். ஆகவே டில்லி ஆட்டம் பின்னால் தள்ளிப்போய், முதல் ஆட்டம் சென்னைச் சேப்பாக்கத்துக்கு வந்தது.

நான்காம் நாள், ஜனவரி 31, ஞாயிற்றுக்கிழமை. நாம் ஜெயிக்க 271 ரன் வேண்டும். 82 ரன்னில் 5 விக்கெட் போய்விட்டது. முதுகு வலியோடு சச்சின் நின்றார்; மோங்கியா துணை நின்று 52 எடுத்தார். ஸ்கோர் 254. இன்னும் 17 ரன்தான். 136 அடித்திருந்த சச்சினை சக்லைன் முஷ்டாக் அவுட்டாக்கினார். அடுத்த 3 விக்கெட்டும் 4 ரன்னுக்குள் விழுந்தன. 258ல் ஆட்டம் முடிந்தது. 12 ரன்னில் தோல்வி!

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. கூட்டம் வாயடைத்து உட்கார்ந்திருந்தது. பிறகு நடந்ததுதான் விசேஷம். ஜனங்கள் எழுந்தார்கள். எழுந்து நின்று, ஜெயித்த பாகிஸ்தான் கோஷ்டிக்குக் கரகோஷம் செய்தார்கள். வாசிம் அக்ரமும் அவருடைய ஆட்டக்காரர்களும் மைதானத்தைச் சுற்றி வந்து அந்த மரியாதையை ஏற்றுக்கொண்டார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்பும், 1997 மே 21ஆம் தேதி, இதே மைதானத்தில் பாகிஸ்தானின் சயீத் அன்வர் 194 ரன் அடித்தபோது இதே ஜனங்கள் எழுந்து நின்று தட்டியவர்கள்தான்.

சேப்பாக்கத்து ஜனங்களுக்கு வலிக்கவில்லையா? வலித்தது. வலித்தும் தட்டினார்கள். தேசத்தின் மேல் பிரியம் இல்லையா? நிறைய இருந்தது. டில்லியில் கடப்பாரை செய்த காரியத்தால் இந்த நாட்டுக்கு வந்த தலைகுனிவைச் சென்னையில் கைகள் துடைத்தன. இதில் எது தேசபக்தி என்று நீங்களே சொல்லுங்கள்.

"அதே வருஷம் கார்கிலில் சண்டை மூண்டதே! உங்கள் கைதட்டல் அதை நிறுத்தியதா?" என்று ஒரு தம்பி கேட்கலாம். நியாயமான கேள்வி. யுத்தத்தை நிறுத்தும் சக்தி கைதட்டலுக்குக் கிடையாது. ஆனால் சண்டை ஓய்ந்த பிறகும் பக்கத்து வீட்டுக்காரன் பக்கத்திலேயேதான் இருக்கிறான். 2004ல் இந்தியக் கோஷ்டி பாகிஸ்தான் போனபோது, சென்னைப் பிள்ளை லட்சுமிபதி பாலாஜியை அந்த நாட்டு ஜனங்கள் தங்கள் செல்லப்பிள்ளை போலக் கொண்டாடினார்கள். நாம் தட்டிய கையை அவர்களும் தட்டினார்கள்.

கூட்டத்தைக் கெடுப்பது யார்?

கெட்டுப்போன கூட்டமும் உண்டு. 1996 மார்ச் 13, கல்கத்தா ஈடன் தோட்டம். உலகக் கோப்பை அரையிறுதி. இலங்கையிடம் இந்தியா 8 விக்கெட்டுக்கு 120 என்று தோல்வி முகத்தில் நின்றபோது கூட்டம் பாட்டில்களை எறிந்தது. இருக்கைகளில் தீ வைத்தது. ஆட்டம் அத்துடன் நிறுத்தப்பட்டு, இலங்கை ஜெயித்ததாக அறிவிக்கப்பட்டது. களத்தில் நின்ற வினோத் காம்ப்ளி அழுதுகொண்டே வெளியேறினார். அதற்குச் சரியாக ஒரு மாதம் முன்பு, பிப்ரவரி 13ஆம் தேதி, இந்திய, பாகிஸ்தான் ஆட்டக்காரர்கள் ஒரே கோஷ்டியாகக் கொழும்புக்குப் போய் இலங்கையோடு ஆடியிருந்தார்கள். குண்டுவெடிப்புக்குப் பயந்து சில நாடுகள் வர மறுத்தபோது, "நாங்கள் இருக்கிறோம்" என்று காட்டுவதற்காகப் போனார்கள். அந்தச் சிநேகத்தை ஒரே ராத்திரியில் பாட்டில்கள் உடைத்தன.

2023 அக்டோபர் 14, அகமதாபாத். பாகிஸ்தானின் ரிஸ்வான் அவுட்டாகித் திரும்பி நடந்தபோது, அவர் மதத்தைக் குத்திக்காட்டும் விதமாகக் கூட்டத்தில் ஒரு பகுதி மதக் கோஷம் போட்டது. ஒன்பது நாள் கழித்து நம் சேப்பாக்கத்தில் ஆப்கானிஸ்தான் கோஷ்டி பாகிஸ்தானைத் தோற்கடித்தது. ஆப்கான் பிள்ளைகள் மைதானத்தைச் சுற்றி வந்தபோது ஜனங்கள் ஆரவாரம் செய்து வாழ்த்தினார்கள்.

வங்காளியும் குஜராத்தியும் கெட்டவர்கள், தமிழன் நல்லவன் என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் அதுவும் அதே வியாதிதான். கூட்டம் பிறக்கும்போதே கெட்டதல்ல, கெடுக்கப்படுகிறது. ஆட்டத்துக்கு ஒரு மாதம் முன்பே டெலிவிஷன்காரர்கள் "யுத்தம், யுத்தம்" என்று முரசு கொட்டுகிறார்கள். யுத்தம் என்றால் டிக்கெட் விற்கும், விளம்பரம் விற்கும், சூதாட்டம் நடக்கும். லாபம் அவர்களுக்கு. எறிகிற கல்லும் விழுகிற தடியடியும் நமக்கு.

2025 ஏப்ரலில் பகல்காமில் 26 பேரைப் பயங்கரவாதிகள் சுட்டுக் கொன்றார்கள். அந்தக் குடும்பங்களின் துக்கம் நம் துக்கம். அதே வருஷம் செப்டம்பரில் துபாயில் இந்தியாவும் பாகிஸ்தானும் ஆடின. ஆட்டம் முடிந்ததும் நம் ஆட்டக்காரர்கள் எதிரணியோடு கை குலுக்கவில்லை. ஆட்டமே வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் அது ஒரு அபிப்பிராயம், மதிக்கிறோம். ஆட்டமும் வேண்டும், விளம்பரப் பணமும் வேண்டும், கை கொடுப்பது மட்டும் கூடாது என்றால் அது என்ன கொள்கை? பணத்துக்கு இல்லாத தீட்டு கைக்கு மட்டும் எங்கிருந்து வந்தது?

நெஞ்சில் முள்ளாய் இருப்பது

இப்போது கஷ்டமான கேள்விக்கு வருவோம். "பாகிஸ்தான் தூரத்து விவகாரம். இலங்கை? 2009ல் முள்ளிவாய்க்காலில் நம் இனம் செத்ததே! அவனுக்கும் கை தட்டுவதா?"

அந்தத் துக்கம் நியாயமானது. அதை அற்பமாகப் பேசுகிறவன் மனிதனல்ல. ஆனால் கோபத்தை யார் மேல் காட்டினோம் என்று பாருங்கள். 2012ல் இலங்கையிலிருந்து கால்பந்து ஆட வந்த பள்ளிப் பிள்ளைகளைத் திருப்பி அனுப்பச் சொன்னது அன்றைய மாநில சர்க்கார். யுத்தத்துக்கு உத்தரவு போட்டவர்களா அந்தச் சிறுவர்கள்? 2013ல் ஐபிஎல் பந்தயத்தில் இலங்கை ஆட்டக்காரர் எவரும் சென்னையில் ஆடக் கூடாது என்று தடை வந்தது. யாரைத் தடுத்தோம்? முரளிதரனைத் தடுத்தோம். இங்கிருந்து கண்டிச் சீமைக்குத் தோட்டக் கூலியாகக் கப்பலேறியவர்களின் வம்சம் அவர். சங்கக்காராவைத் தடுத்தோம். 1983 ஜூலைக் கலவரத்தில் கொலைகாரர்கள் தெருத் தெருவாகத் தமிழர்களைத் தேடியபோது, கண்டியில் தங்கள் வீட்டுக்குள் தமிழ்ச் சிநேகிதர்களை ஒளித்து வைத்துக் காப்பாற்றிய சிங்களக் குடும்பத்தில் பிறந்தவர் அவர்.

குற்றம் செய்த சர்க்காரைக் கூண்டில் ஏற்று. கடைசி வரை நியாயம் கேள். அதற்கு ஊர்வலம் உண்டு, சட்டசபை உண்டு, சர்வதேச மன்றம் உண்டு. பந்து பிடிக்க வந்தவனின் சட்டையைப் பிடிப்பதால் முள்ளிவாய்க்காலின் ஒரு கண்ணீர்த்துளிக்கும் நியாயம் கிடைக்காது. ஜனங்களுக்கு இது தெரியாமல் இல்லை. 2023ல் அதே சேப்பாக்கம் இலங்கைப் பையன் பதிரணாவைத் தலையில் தூக்கி வைத்து ஆடியது.

நம் பிள்ளை வெளியே போனால்?

இன்னொரு பக்கமிருந்தும் பாருங்கள். நாம் எப்போதும் உள்ளூர்க்காரர்களாகவே இருக்கப் போவதில்லை.

2021 ஜனவரி, சிட்னி. எல்லைக் கோட்டருகே நின்ற முகமது சிராஜைக் கூட்டத்தில் சிலர் இழிவாக ஏசினார்கள். சிராஜ் ஐதராபாத்தில் ஆட்டோ ஓட்டிய தொழிலாளியின் மகன். அந்தப் பயணத்தின்போதே தகப்பனார் இறந்துபோக, முகம் பார்க்கவும் ஊர் திரும்பாமல் ஆடிக்கொண்டிருந்தவர். நம் சேலம் சின்னப்பம்பட்டி நடராஜனும் அந்தக் கோஷ்டியோடு போயிருந்தார். கூலித் தொழிலாளியின் மகன். சாலையோரத்தில் கோழிக்கறி விற்ற தாயின் மகன். ஏசியது கேட்டு நமக்கு ரத்தம் கொதித்ததா இல்லையா? சிராஜ் நடுவரிடம் முறையிட்டார், ஆட்டம் நின்றது, ஆறு பேரை மைதானத்திலிருந்து வெளியேற்றினார்கள், ஆஸ்திரேலியக் கிரிக்கெட் சபை மன்னிப்புக் கேட்டது. சிட்னியில் நமக்குக் கொதித்தது என்றால், அந்தக் காலனித் தெருத் தாய்க்கும் கொதித்திருக்கும்!

விருந்தாளியை எப்படிக் காப்பது என்பதற்கு இரண்டு பெயர்களைச் சொல்கிறோம். பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

ஒருவர் பிராங்க் வொரல். மேற்கிந்தியத் தீவுகளின் தலைவர். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளைக் கொண்டுவந்து கரும்பு பயிரிட்ட பார்படோஸ் தீவில் பிறந்த கறுப்பு மனிதர். 1962 மார்ச்சில் அந்தத் தீவில் இந்தியத் தலைவர் நாரி காண்டிராக்டரின் மண்டையில் பந்து பட்டு உயிர் ஊசலாடியது. ரத்தம் வேண்டும் என்றார்கள். முதலில் கை நீட்டியவர் வொரல். எதிரணியின் தலைவர்! ரத்தம் எந்த நாட்டுக்காரனுடையது என்று காண்டிராக்டரின் உடம்பு கேட்கவில்லை, ஏற்றுக்கொண்டு பிழைத்தது.

மற்றவர் மெஹர் முகமது கலீல். பாகிஸ்தானில் லாகூர் நகரத்துப் பஸ் டிரைவர். 2009 மார்ச் 3ஆம் தேதி இலங்கைக் கோஷ்டி போன பஸ்ஸைப் பயங்கரவாதிகள் சூழ்ந்து சுட்டார்கள். காவலுக்குப் போன போலீஸ்காரர்கள் செத்து விழுந்தார்கள். குண்டு மழைக்கு நடுவே வண்டியை நிறுத்தாமல் மைதானத்துக்குள் கொண்டுபோய் அத்தனை ஆட்டக்காரர்களையும் உயிரோடு சேர்த்தவர் அந்தத் தொழிலாளி. துப்பாக்கி தூக்கியவனும் அதே நாட்டுக்காரன், ஸ்டியரிங்கை விடாமல் பிடித்தவனும் அதே நாட்டுக்காரன். ஒரு நாட்டை எந்தக் கையை வைத்து மதிப்பிடுவது? நம் ஊரை எந்தக் கையை வைத்து மதிப்பிட வேண்டும் என்று நாம் விரும்புகிறோம்?

கூமாப்பட்டி என்ன செய்ய வேண்டும்?

2025ல் ஒரு தம்பி செல்போனில் எடுத்துப் போட்ட படத்தால் கூமாப்பட்டியின் பெயர் தமிழ்நாடு முழுக்கப் பரவியது. பிளவக்கல் அணையைப் பார்க்க எங்கிருந்தோவெல்லாம் வண்டி கட்டி வந்தார்கள். வந்தவர்களுக்கு வழி சொன்னீர்கள். குடிக்கத் தண்ணீர் கொடுத்தீர்கள். நல்ல காரியம். சென்னையிலிருந்து காரில் வந்தவனிடம் "நீ எந்தத் தெரு?" என்று யாராவது கேட்டீர்களா? கேட்கவில்லை. பக்கத்து ஊரிலிருந்து லோடு வேனில் வருகிறவனிடம் மட்டும் ஏன் அந்தக் கேள்வி எழ வேண்டும்?

ஆகவே பந்தயக் கமிட்டித் தோழர்களிடம் சில யோசனைகளை வைக்கிறோம்.

ஒன்று: குடிதண்ணீர் ஒரே இடத்தில், ஒரே டம்ளரில். டீயும் அப்படியே. வெளியூர்க் கோஷ்டிக்கு முதலில் கொடுத்துவிட்டு நாம் குடிப்போம்.

இரண்டு: மைக்கில் பேசுகிறவர் ஆட்டக்காரனின் பெயரையும் ரன்னையும் மட்டும் சொல்லட்டும். தெரு, சாதி, அப்பன் தொழில் எதுவும் மைக்கில் வரக்கூடாது.

மூன்று: கலர்க் கயிறு, சாதிக் கொடி, சாதித் தலைவர் படம் போட்ட பனியன் இவை மைதானத்துக்கு வெளியே. பதினோரு பேர் ஆடும் ஆட்டத்தில் பன்னிரண்டாவது ஆளாகச் சாதியை இறக்காதீர்கள்.

நான்கு: அம்பயர் இரண்டு ஊருக்கும் பொதுவானவராக இருக்கட்டும். அவர் கை தூக்கினால் அவுட், பேச்சு முடிந்தது.

ஐந்து: கடைசி வேன் ஊர் எல்லையைத் தாண்டும் வரை நம் சங்கத் தோழர்கள் நான்கு பேர் கூடவே போக வேண்டும். சென்ற தடவை வாய் திறக்காமல் நின்ற கடனை இப்படித்தான் அடைக்க முடியும்.

இதெல்லாம் செய்தால் ஆட்டத்தில் சுவை இருக்காது என்று நினைக்காதீர்கள். நம் பிள்ளைகளுக்காகத் தொண்டை கிழியக் கத்துங்கள். விசில் அடியுங்கள். எதிரணி தப்பு செய்தால் "ஓ" போடுங்கள். அது ஆட்டத்தின் சந்தோஷம், யாரும் தடுக்கவில்லை. ஆனால் ஜெயித்தவன் ஜெயித்தான் என்று ஒப்புக்கொள்ளும் நேரம் வரும்போது, நமக்கும் கை இருக்கிறது என்று காட்டுங்கள்.

அன்று சேப்பாக்கத்தில் ஆயிரக்கணக்கான கைகள் தட்டின என்றால், அதில் ஏதோ ஒரு கை முதலில் தட்டியிருக்கிறது. சுற்றிலும் அத்தனை பேர் சும்மா உட்கார்ந்திருக்கும்போது தனியாகத் தட்டுவதற்குத் தைரியம் வேண்டும். மில் வாசலில் முதல் ஆளாகக் கோஷம் எழுப்பும் தைரியம் உங்களிடம் இருக்கிறது. அதே தைரியத்தைக் கொஞ்சம் கண்மாய்க்கும் கொண்டு வாருங்கள்.

அந்தக் காலனித் தெருப் பையன்களின் வீட்டுக்கு நாங்கள் மறுபடியும் போனோம். இந்தப் பந்தயத்துக்கு வரும்படி கூப்பிட்டோம். முதலில் தயங்கினார்கள். அந்தத் தாயார்தான், "போய் ஆடிட்டு வாங்கடா" என்று சொல்லியிருக்கிறார். நாளைக் காலை இரண்டாவது ஆட்டம் அவர்களுடையது. அந்த அம்மாளும் வேனில் கூட வருகிறார்.

தோழர்களே! அவர் அன்று கேட்ட கேள்விக்கு நாளை நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். வாய் பேச வேண்டாம். கை பேசினால் போதும்.